முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள்

– இனிமே அந்தத் தபால் பைக்குக்குப் பின்னால என்னால ஓட ஏலாது சேர், சொல்லிப்புட்டேன். இந்தா பாருங்க, முட்டியில இன்னும் கறுப்புப் போகல.

– ஆர் உம்மை விழச் சொன்னது, புஷ்பம்?

– விழச் சொல்லல. ஓடச் சொன்னீங்க. ஜன்னல்ல நின்னுக்கிட்டு "ஓடும், ஓடும், டெஸ்பாச் பைக் வெளிக்கிடப் போறான்"னு கத்துனது யாரு? மூணு கெழமைக்கு முந்தி, அந்தப் பேய் மழையில. செருப்பு வாரும் அறுந்துபோச்சு. ஒரு கவருக்காக.

– அது அவசரக் கவர். அடுத்த செவ்வாய் கொழும்பிலயிருந்து பெரியவை கதைக்க இருந்தவை. அதுக்குள்ள குறை திருத்துப்பட வேணும்.

– உங்களுக்கு எல்லாமே குறைதான் சேர். டீயில குறை, மேசையில குறை, பேச வர்ற தொரைமாரு மூஞ்சி கலர்லயும் குறை.

– நீர் சிரியும். போன வருசம் ஒரு பெரியவர் திரையில பச்சை முகத்தோட வந்தவர். மற்றப் பகுதிக்காரன் அதைப் பாத்துச் சிரிச்சுப்போட்டான். பிறகு ஒரு மாதம் ரெண்டு பகுதியும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்லை. நாட்டில சண்டை நடக்குது, இவைக்கு முகத்தின்ர நிறம் பிரச்சினை.

– அட போங்க சேர்.

– உண்மை. ஆமியின்ர உளவுப் பகுதி, பொலிஸின்ர உளவுப் பகுதி, பிறகு பேர் சொல்லாத அந்த மற்றப் பகுதி. ஒருத்தன்ர கட்டடத்துக்கு மற்றவன் வரமாட்டான். அதுக்காகத்தான் திரையில கதைக்கிற பெட்டி எல்லாத்தையும் நடுவுக்குக் கண்டியில, இந்த ஒழுக்குக் கட்டடத்தில கொண்டுவந்து பூட்டினவை. மூண்டு இடத்துப் படத்தையும் சத்தத்தையும் ஒருத்தரும் ஒட்டுக்கேளாமல் பூட்டுப்போட்டு, ஒரே திரையில சேர்த்துக் குடுக்கிறது நான். நடுவில நிக்கிறவனுக்குத்தான் தலையிடி.

– அதுவும் ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழாளக் கூப்புட்டு உக்கார வச்சிருக்காங்களே. அதான் எனக்கு இன்னும் வெளங்கல.

– அது பெரிய பகிடி, கண்டீரோ. என்னை, இந்த நவரட்ணராஜாவை, மற்ற ரெண்டு பகுதியும் விசாரிச்சு முடிச்சிட்டுதெண்டு மூண்டு பகுதியும் நினைச்சிட்டினம். ஒருத்தரும் விசாரிக்கேல்லை. எனக்கே ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. வெளியில சொல்லிப்போடாதையும்.

– நான் யாருக்கிட்டச் சொல்லப் போறேன். குடிங்க சேர், ஆறுது. ஒரு ஒத்தாசை கேக்கலாம்னு வந்தேன், பைக்கப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிறேன்.

– சொல்லும்.

– இங்கிலீஸ்ல ஒரு ஃபோம் நெரப்பணும். புதன்கிழமையோட கடைசி. இவ்வளவு நாளும் சேர்ச்சுல இருந்த ஃபாதர்தான் எழுதிக் குடுத்தாரு. நாங்க கோயிலுக்குப் போற ஆளுகன்னாலும் பாக்காம செய்வாரு. அவர மன்னாருக்கு மாத்திட்டாங்க.

– தாரும், பாப்பம். கண்ணாடி எங்க வச்சனான்... ம். காணாமல் போன ஆள்... கடைசியாய்க் காணப்பட்ட இடம்... புஷ்பம், இது ஆருக்கு?

– எங்க வீட்டுக்காரருக்கு.

– உம்மட மனிசன் கட்டாரில எல்லோ?

– கட்டார்ல இல்லீங்க சேர்.

– போன தீபாவளிக்கும் சொன்னனீர், சம்பளம் அனுப்பினவரெண்டு.

– அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். உண்மையச் சொன்னா இந்த வேலையில வச்சிருப்பாங்களா? இந்தக் கட்டடத்துல? நீங்களே வச்சிருப்பீங்களா?

– ...இரும். அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். எப்ப?

– போன வருசம் வெசாக்குக்கு அடுத்த கெழமை. குண்டசாலையில நாங்க ரூம் எடுத்திருக்கிற ரோட்டுல, வெசாக் வெளக்குக் கூடுகூட இன்னும் அவுக்கல. காலையில வேலைக்கு பஸ்ஸுக்கு நின்னாரு. வேன்ல வந்து அடையாள அட்டையக் கேட்டாங்க. பொறந்த எடம் மடுல்கெல்லத் தோட்டம்னு பாத்துட்டு, கொஞ்சம் விசாரிக்கணும், பத்து நிமிசத்துல விட்டுர்றோம்னு ஏத்திக்கிட்டுப் போனாங்க. எதிர்ப்பக்கம் மீன் வாங்கிக்கிட்டு நின்ன பொம்பளை வந்து சொன்னா. நான் அடுப்புல சோறு வச்சிருந்தேன்.

– என்ன குற்றமெண்டு?

– குத்தமா? ஹாட்வெயார் கடையில வேல. ரெண்டு தடவ வவுனியாவுக்கு லொறியில தகரம் ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு. மொதலாளி போன்னு சொன்னாரு, போனாரு. அவ்வளவுதான் சேர். சாமி சத்தியமா அவ்வளவுதான்.

– முறைப்பாடு குடுத்தனீரோ?

– குடுக்காத எடம் இல்ல. நீங்க இப்பச் சொன்னீங்களே மூணு பகுதி, அந்த மூணுக்கும் ஃபாதர் எழுதுனாரு. மூணும் பதில் போட்டுச்சு. எங்க பொறுப்புல அப்பிடி யாரும் இல்லன்னு. பதினேழு மாசத்துல வந்தது அந்த மூணே மூணு காயிதம்தான். தலைப்பத் தவிர எல்லாம் ஒண்ணுதான்னு ஃபாதரே சொன்னாரு.

– நான் செவ்வாய்க்கிழமையில திரையில சேர்க்கிறது இவையைத்தான் எண்டு உமக்குத் தெரியுமோ?

– தெரியாமயா சேர்? வேற எதுக்கு நான் இந்தச் சம்பளத்துக்கு இங்க கெடக்குறேன்? கூட்டம் நடக்கிறப்ப கதவுக்கு வெளிய கூட்டுன எடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுவேன். ஒரு பேராச்சும் காதுல விழாதான்னு. ஒண்ணும் விழல.

– கூட்டம் தொடங்கினா எனக்கே விழாது. படம் சரியெண்டா நான் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு வெளியில வந்துடவேணும். அது சட்டம்.

– தெரியும். நீங்க வெளிய வந்து பேப்பர் படிப்பீங்க.

– ...சரி. எழுதுவம். பேர்?

– பெரியதம்பி. தகப்பன் பேரு அழகமுத்து.

– வயசு?

– இப்ப முப்பத்தெட்டு ஆகியிருக்கும்.

– உயரம்?

– உங்களவிட ஒரு சாண் ஒசரம். வீட்டு நெலையில குனிஞ்சுதான் வருவாரு. இங்கிலீஸ்ல எப்பிடி வருமோ அப்பிடிப் போடுங்க.

– அஞ்சடி பத்து எண்டு போடுறன். உடம்பில அடையாளம் ஏதும்? தழும்பு, மச்சம்?

– கையி. இடது கையில ரெண்டு வெரல் பாதிதான் இருக்கும். தோட்டத்துப் பேக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலர்ல குடுத்துட்டாரு, கலியாணத்துக்கு முந்தி. அதுக்கப்புறந்தான் தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்தது... என்னா சேர், பேனைய வச்சிட்டீங்க?

– எந்த விரல்?

– ஆள்காட்டி வெரலும் நடு வெரலும்.

– எவ்வளவுக்கு?

– நடுக்கணுவோட. ஆள்காட்டி வெரல் மொட்டையா இருக்கும். நடு வெரல் நுனியில மட்டும் கொஞ்சூண்டு நகம் மொளைச்சு...

– பக்கவாட்டில. சரிஞ்சு.

– ஆமா, சரிஞ்சு... சேர்? நான் இன்னும் அதச் சொல்லலியே. சேர், நீங்க எப்பிடி...

– அந்தக் கதவைச் சாத்தும். இல்லை, வேண்டாம், திறந்தபடி விடும். சாத்தினா வெளியில நிக்கிறவன் என்னெண்டு பாப்பான். மெதுவாக் கதையும்.

– நீங்க அவரப் பாத்திருக்கீங்க.

– நான் அவரைப் பாக்கேல்லை.

– பொய் சொல்லாதீங்க.

– பொய் இல்லை, புஷ்பம். அவரை நான் காணேல்லை. கையைத்தான் கண்டனான்.

– கையின்னா... கை மட்டும்னா... பிரேதமா?

– இல்லை, இல்லை. ஐயோ, அப்பிடி இல்லை. உயிரோட. ஒரு தாளைப் பிடிச்சுக்கொண்டு. தண்ணியைக் குடியும். அந்தத் தேத்தண்ணியைக் குடியும், நான் வாய் வைக்கேல்லை.

– எனக்கு ஒண்ணும் வேணாம். எங்க, எப்பிடின்னு சொல்லுங்க.

– சொல்லுறன். ஒண்டொண்டாச் சொல்லுறன். செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பதுக்குக் கால்மணி இருக்கேக்க நான் உம்மைக் கூப்பிடுறன் எல்லோ? உம்மை இந்தக் கதிரையில இருத்தி, ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, முகத்துக்கு முன்னால பிடிக்கச் சொல்லுறன்.

– ஆமா. என்னமோ கலர் சரி பண்ணணும்னு.

– ஓம். வெள்ளை எது எண்டு காட்டினாத்தான் கமராவுக்கு மற்ற நிறம் எல்லாம் பிடிபடும். இங்க மட்டும் இல்லை, மூண்டு இடத்திலயும் அப்பிடித்தான். தாளும் வேணும், பிடிக்கிற கையும் வேணும், தோலின்ர நிறத்தையும் நான் பாக்கவேணும். ஆளில்லாத கதிரையை வச்சு ஒண்டும் செய்யேலாது. பெரியவை இதுக்கெல்லாம் வந்து இருக்கமாட்டினம். ஆரையாவது இருத்துங்கோ எண்டு மூண்டு இடத்துக்கும் எழுதினது நான்தான்.

– ஆரையாவது.

– ஓம். ஆரையாவது எண்டுதான் எழுதினனான். முதலாம் நம்பரில ஒரு ட்ரைவர் வருவான். ரெண்டாம் நம்பரில ஒரு கிளாக் பெட்டை. மூண்டாம் நம்பரில இந்தக் கை. எட்டு மாதம், புஷ்பம். எட்டு மாதமா ஒவ்வொரு செவ்வாயும் அந்தக் கைக்குச் சிங்களத்தில சொல்லியிருக்கிறன். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேல, ஆடாமல் பிடியுங்கோ. சொன்னபடி அப்பிடியே கேட்கும். மற்ற ரெண்டு இடத்தையும்விட நல்லாப் பிடிக்கும்.

– மூஞ்சியப் பாக்கலியா? ஒரு நாளாச்சும்?

– தாள் திரை முழுக்க நிறைய வேணும். ஓரத்தில விரல்தான் தெரியும். சரியெண்டு நான் சொன்ன உடன அங்க கமராவை மூடிப்போடுவினம். திரும்பத் திறக்கேக்க பெரியவர் இருப்பார்.

– நீங்க யாருன்னு நெனைச்சீங்க?

– ஆமிக்காரன் எண்டு. சண்டையில காயப்பட்டு, கந்தோர் வேலைக்கு விட்ட ஆமிக்காரன். அந்த விரலைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு மனசுக்குள்ள ஒரு மரியாதைகூட இருந்தது.

– யூனிபோர்ம் போட்டிருந்தாரா?

– இல்லை.

– கை இல்லாத பெனியனா?

– ...ஓம்.

– அப்பவும் உங்களுக்கு ஒண்ணும் தோணலியா சேர்?

– மணிக்கட்டில கறுத்து, வளையம் மாதிரி ஒரு அடையாளம் இருந்தது. மணிக்கூடு கட்டின இடம் எண்டு நினைச்சன்.

– எந்தக் கையில?

– ரெண்டு கையிலயும்.

– ரெண்டு கையிலயுமா சேர் மணிக்கூடு கட்டுவாங்க? சொல்லுங்க.

– கட்டமாட்டினம். எனக்குத் தெரியும், கட்டமாட்டினம். நான் அதை யோசிக்கேல்லை. யோசிக்க விரும்பேல்லை எண்டு எழுதி வையும், அதுதான் உண்மை. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தவளுக்கு லண்டன் விசாவுக்குப் போட்டிருக்கு. நான் இந்த வேலைக்குக் கையெழுத்து வச்சுக் குடுத்த தாளில என்ன இருக்கெண்டு உமக்குத் தெரியாது.

– உங்க புள்ளைகளுக்கு நான் ஒரு கெடுதலும் நெனைக்கல. எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. மூணாம் நம்பர்னா எந்த எடம்?

– எனக்குச் சொல்லமாட்டினம். நம்பர் மட்டும்தான். எந்தப் பகுதியின்ரை எண்டதைக்கூட நாங்களாத்தான் ஊகிக்க வேணும்.

– கம்பி எப்பிடிப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. போன மாசம் லைன் அறுந்தப்ப நீங்கதான ஏணியக் கட்டிக்கிட்டு ஜீப்புல போனீங்க.

– புஷ்பம்.

– சேர், காலத் தொட்டுக் கும்பிடுறேன்.

– எழும்பும். என்ன இது, எழும்பும். ...குண்டசாலை தாண்டி. ஆத்துப் பக்கமாத் திரும்புற இடத்தில ஒரு பெரிய மதில் வீடு. கேட்டோட என்னை நிப்பாட்டிப்போட்டினம், உள்ளுக்கு விடேல்லை.

– குண்டசாலையா.

– ஓம்.

– நான் வவுனியா வரைக்கும் போனேன் சேர். பூசா கேம்புக்குப் போனேன். கொழும்புல எத்தன கேட்டுல நின்னேன். கைப்புள்ளைய அக்காக்கிட்ட விட்டுட்டு ஊரு ஊராப் போனேன். அவரு நாங்க சோறு திங்கிற ஊர்லயா இருந்தாரு? தினமும் எங்க பஸ்ஸு அந்தப் பக்கத்தாலதான் வருது.

– கேளும், புஷ்பம். மூண்டு பேரும் உமக்கு இல்லையெண்டு எழுதினவை. அதுக்கு அடுத்த செவ்வாயும் நான் அந்தக் கைக்கு, கொஞ்சம் மேல எண்டு சொல்லியிருப்பன். என்ர வாயால.

– அவரு இங்கிட்டு நடக்கிறதப் பாப்பாரா? அங்க திரை இருக்கா?

– இருக்கு. நாலு கட்டமாத் தெரியும். மூண்டு இடமும் பிறகு எங்கட கதிரையும். ஆனா தாள் முகத்துக்கு முன்னால எல்லோ, அவர் என்னத்தைப் பாக்கிறது.

– என்னயும் அப்பிடித்தான வச்சிருந்தீங்க.

– உமக்கு அனுமதிக் கடிதம் இல்லை. திரையைப் பாக்கக் கூடாத ஆளை அறைக்குள்ள விட்டா நான் துலைஞ்சன். வேற ஆளும் எனக்கு இல்லை. அதுதான் தாளை இறக்காமல், பிடிச்சபடியே எழும்பி வெளியில போகச் சொன்னனான். கூட்டிப்போறது நானே எல்லோ.

– குருடிக்கு வழி காட்டுற மாதிரி தோளப் புடிச்சுக் கொண்டு போயி விடுவீங்க. நான் உங்களுக்குப் பயந்து கண்ணகூட மூடிக்குவேன் சேர். சட்டம்னா சட்டம்தான்னு. அப்ப எட்டு மாசமா அவரு அங்கிட்டு ஒரு தாளப் புடிச்சுக்கிட்டு, நான் இங்கிட்டு ஒரு தாளப் புடிச்சுக்கிட்டு.

– ஓம்.

– நேருக்கு நேரா.

– ஓம்.

– அவருக்குத் தெரியாதுதான? இந்தப் பக்கம் நானுன்னு.

– எப்பிடித் தெரியும். அவையோட நான் கதைக்கிறது சிங்களத்தில. உம்மோட கதைக்கேக்க மைக்கை மூடிப்போடுவன், அது என்ர பழக்கம்... ஒரு நாள் மட்டும்...

– என்னா ஒரு நாளு?

– ஒரு நாள் மூட மறந்துபோனன். ரெண்டு மாதம் இருக்கும். கூட்டம் முடிஞ்சு பெட்டியைப் பாக்கேக்கதான் கண்டனான், பொத்தான் அமத்துப்படேல்லை. ஒருத்தரும் முறையிடேல்லை, நானும் விட்டிட்டன்.

– அன்னைக்கு எங்கிட்ட என்னா சொன்னீங்க?

– வழமையாச் சொல்லுறதுதான். "போதும் புஷ்பம், தாளைப் பிடிச்சபடியே எழும்பும்."

– தமிழ்ல.

– தமிழில.

– பேரச் சொல்லி.

– ஓம்.

– நான் "சரிங்க சேர்"னு சொல்லியிருப்பேன்.

– சொன்னனீர். அது நல்ல ஞாபகம். தடிமனில உம்மட குரல் அடைச்சிருந்தது, நான் இஞ்சித் தேத்தண்ணி குடியும் எண்டு சொன்னனான்.

– அப்ப அவருக்குத் தெரியும் சேர். என் கொரலு தெரியாதா அவருக்கு? தடிமன் புடிச்சா என்னய எப்பிடிக் கேலி பண்ணுவாரு. ஐயோ, அப்ப அவருக்குத் தெரியும். நான் நல்லா இருக்கேன், வேலையில இருக்கேன்னு தெரியும்.

– அதுக்கு அடுத்த செவ்வாயிலயிருந்துதான்...

– என்னா?

– தாள் ஆடத் தொடங்கினது.

– ஆடுச்சா?

– ஓம். அதுக்கு முதல் சிலை மாதிரிப் பிடிச்ச கை. அதுக்குப் பிறகு சொல்லச் சொல்ல ஆடும். இடம் வலமா, இடம் வலமா. நிப்பாட்டும், பிறகு ஆடும். எனக்கு நிறம் பிடிபடேல்லை. கை நடுங்குது, பாரிசவாதமோ என்னவோ எண்டு நினைச்சன்.

– நடுங்கலீங்க சேர். ரோலர்ல பதினொரு வருசம் வேல பாத்த கையி, அது நடுங்காது. ரெண்டு வெரலு போன அன்னைக்கே நடுங்கலன்னு கங்காணி சொல்லுவாரு. அவரு ஆட்டியிருக்காரு. என்னயக் கூப்புட்டிருக்காரு. வேற எப்பிடிக் கூப்புடுவாரு? வாயத் தொறக்க ஏலாது, தாள எறக்க ஏலாது. புஷ்பம், இங்க பாரு, இங்க பாருன்னு. நான் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

– அழாதையும். வெளியில கேக்கும்.

– அழல. நான் ஏன் அழணும்? உசிரோட இருக்காரு. பதினேழு மாசமா தாலியத் தொட்டுப் பாக்கவே பயந்துகிட்டு இருந்தேன். சேர், நாளைக்கு செவ்வாக்கெழமை.

– புஷ்பம்.

– நாளைக்கு ஒம்போதுக்குக் கால்மணி இருக்கிறப்ப அந்தக் கதிரையில நாந்தான உக்காரணும்? தாள நான் எறக்குவேன்.

– புஷ்பம், கேளும்.

– நீங்க வெளிய போயிருங்க. அனுமதி இல்லாத கூலிக்காரி, சட்டம் தெரியாம செஞ்சிட்டான்னு சொல்லுங்க. உங்க புள்ளைகளுக்கு ஒண்ணும் வராது. நான் ஒரு நிமிசம் தாள எறக்குறேன், அவரும் எறக்குவாரு. மூணு எடத்துலயும் பாப்பாங்க. இல்லைன்னு எழுதுனவங்க அத்தன பேரும் பாக்கட்டும். அதுக்கப்புறம் எப்பிடி இல்லைன்னு சொல்லுவாங்க?

– எனக்கு வாறது வரட்டும். நான் அதுக்குப் பயந்து சொல்லேல்லை.

– அப்ப என்னா? என்னயத் தடுக்காதீங்க.

– நாளைக்கு வாற கை அவரின்ரை இல்லை.

– என்னாது?

– போன செவ்வாயும், அதுக்கு முதல் செவ்வாயும் வேற கை. பத்து விரலும் முழுசா இருந்தது.

– இல்ல. நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க.

– நான் பாத்தனான். எனக்குப் பாக்கிறதுதானே வேலை. "இண்டைக்கு நல்லாப் பிடிக்கிறியள்" எண்டு சொன்னனான்கூட.

– அவர எங்க கொண்டு போனாங்க?

– தெரியாது.

– ஏன் மாத்துனாங்க? எட்டு மாசம் வச்சிருந்துட்டு ஏன் மாத்தணும்?

– ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் நான் குறைச்சீட்டு எழுதுறன், தெரியும்தானே. எந்த இடத்தில என்ன பிழை, என்ன திருத்த வேணும் எண்டு. அதை அவை தட்டுறேல்லை. வயர் மாத்தச் சொன்னா மாத்துவினம், லைட் மாத்தச் சொன்னா மாத்துவினம். அடுத்த செவ்வாய்க்குள்ள செய்து முடிச்சிருப்பினம்.

– என்னா எழுதுனீங்க சேர்? எனக்கு இங்கிலீஸ் தெரியாது. தமிழ்ல சொல்லுங்க.

– "மூன்றாம் நிலையம். அமர்ந்திருப்பவரின் கை நடுங்குகிறது. ஆளை மாற்றவும்." அவ்வளவுதான். மூண்டு வசனம்.

– நான் பதினேழு மாசமா எழுதுனேன்.

– ஓம்.

– உங்களுக்கு ஒரே கெழமையில செஞ்சு குடுத்துட்டாங்க.

– புஷ்பம், எனக்குத் தெரிஞ்சிருந்தா... கொழும்பிலயிருந்து பெரியவை கதைக்க இருந்தவை, படம் பிழைச்சா என்னைத்தான் கேப்பினம். நான் தாளைத்தான் பாத்தனான். கடவுளாணை நான் தாளை மட்டும்தான் பாத்தனான்.

– கொழும்புல இருந்து பெரியவங்க பேசுன கெழமைக்கு முந்தின செவ்வாக்கெழமையா எழுதுனீங்க?

– ஓம்.

– மழை பேஞ்ச அன்னைக்கு.

– ஓம்.

– அந்தப் பைக்குக்காரன் கேட்டத் தாண்டிப் போயிட்டான் சேர். செருப்பு அறுந்து விழுந்த எடத்துல இருந்து நாந்தான் கத்திக் கூப்புட்டு, அவன நிக்க வச்சு, நனையாம இருக்கட்டும்னு மாராப்புக்குள்ள வச்சிருந்த கவர எடுத்து அவன் கையில குடுத்தேன்.